ஒரே விலை, ரெண்டு மூட்டை, பழி மட்டும் விவசாயிக்கு

"விவசாயிங்க யூரியாவை அள்ளிக் கொட்டி மண்ணைக் கெடுக்கறாங்க." டிவி விவாதம்னா இந்த வசனம் இல்லாம முடியாது. பி.காம் படிக்கிறவனுக்கு உரத்துல என்ன வேலைன்னு கேக்காதீங்க மக்களே. இது மண் கணக்கு இல்லை, விலைக் கணக்கு.

ராஜஸ்தான் கடுகை எடுத்துக்கோங்க. நமக்குக் கடுகுன்னா தாளிக்க ஒரு ஸ்பூன். அங்கே சமையல் எண்ணெயே அதுதான். இந்தப் பயிருக்குத் தழைச்சத்து (நைட்ரஜன்தான்) மட்டும் போதாது, கந்தகமும் வேணும். தழைச்சத்தை மட்டும் ஏத்திக்கிட்டே போனா செடி தளதளன்னு நிக்கும். அசுவினி மொய்க்கும், விதையில எண்ணெய் சதவீதம் இறங்கும்.

இப்போ கடைக்கு வாங்க. 45 கிலோ யூரியா மூட்டை 266 ரூபாய் 50 காசு. அதுல தழைச்சத்து 46%, அதாவது 20.7 கிலோ. கிலோவுக்கு சுமார் 13 ரூபாய்.

கந்தகம் பூசின 'யூரியா கோல்டு' 2023 ஜூலையில, அதே ராஜஸ்தான்ல சீகர்ல வச்சுத்தான் அறிமுகமாச்சு. 2024 ஜனவரியில அரசு நிர்ணயிச்ச விலை? அதே 266.50. ஆனா மூட்டை 40 கிலோ, தழைச்சத்து 37%. அதாவது 14.8 கிலோ, கிலோவுக்கு 18 ரூபாய். கூடவே 6.8 கிலோ கந்தகம் கிடைக்குது, வாஸ்தவம்தான். ஆனா அதே காசுக்கு சின்ன மூட்டையை நீங்களா இருந்தா தூக்குவீங்களா?

சூப்பர் பாஸ்பேட்லயும் ஜிப்சத்துலயும் கந்தகம் இருக்கேன்னு சிலர் கேப்பாங்க. இருக்கு. ஆனா 2010-ல சத்தைப் பொறுத்து மானியம்னு கொண்டு வந்தப்போ யூரியாவை மட்டும் அதுல சேர்க்கலை. அதோட விலை அரசு கையிலேயே இருந்துடுச்சு. அப்படி மலிவா வச்ச சரக்கு அதிகமா விக்கத்தான் செய்யும். முதல் வருஷ எகனாமிக்ஸ் பாடம் இது.

அடுத்தது தேதி. பாசனக் கடுகுக்குப் பாதித் தழைச்சத்து விதைப்போட, மீதி முதல் தண்ணியோட, 30-35 நாள்ல. அக்டோபர்ல விதைச்சா அது நவம்பர். கோதுமை விதைப்பும் அதே நவம்பர்தான். எல்லாரும் ஒரே நேரத்துல உரத்துக்கு வரிசையில நிக்கணும். தண்ணி பாய்ச்சற அன்னிக்கு மூட்டை கையில இல்லைன்னா, அப்புறமா மேலாகத் தூவற யூரியாவுல ஒரு பங்கு அமோனியாவா காத்துல போயிடும். மிச்சம் இருக்கிறதும் லேட்டா வேலை செஞ்சு, காயை முத்த விடாம இழுத்தடிக்கும்.

ஆக, எந்த உரம்னு முடிவு பண்ணுறது விலைச்சீட்டு. எப்போன்னு முடிவு பண்ணுறது லாரி. விவசாயி முடிவு பண்ண என்னங்க மிச்சம் இருக்கு?

சமையல் எண்ணெயில பாதிக்கு மேல இறக்குமதி பண்ணுற நாடு நாம. யூரியாவையும் சத்துக் கணக்குல கொண்டு வாங்க, கந்தகத்துக்கும் சேர்த்து நியாயமா விலை வைங்க, முதல் தண்ணிக்கு முன்னாடி மூட்டையை ஊர்ல இறக்குங்க. அதுக்கப்புறமும் ஒருத்தர் யூரியாவை அள்ளிக் கொட்டினா, அப்போ வந்து புத்திமதி சொல்லுங்க. நானும் கூட உக்காந்து தலையாட்டறேன்.