முடிகிற விளையாட்டே விளையாட்டு

"இதெல்லாம் ஒரு விளையாட்டா? பட்டனைத் தட்டினால் எண் ஏறுகிறது, அவ்வளவுதானே!" இது ஒரு கட்சி. "நல்ல விளையாட்டுதான், ஆனால் ஏன் முடித்துவிட்டார்கள்? இன்னும் போயிருக்கலாமே!" இது இன்னொரு கட்சி. 'யுனிவர்சல் பேப்பர்கிளிப்ஸ்' என்ற கணினி விளையாட்டை ஆடியவர்கள் இப்படி இரண்டாகப் பிரிந்து நிற்கிறார்கள். முதல் கட்சிக்குப் பதில் சொல்லிவிடலாம். இரண்டாவது கட்சியோடுதான் எனக்குச் சண்டை.

இந்த வகைக்கு 'இன்கிரிமென்டல்' விளையாட்டு என்று பெயர். இன்கிரிமென்ட் என்றதும் நம்மைப் போன்ற பென்ஷன்காரர்கள் காதைத் தீட்டிக்கொள்வோம். நமக்கு ஆண்டுக்கு ஒருமுறை வந்தது, இவர்களுக்கு விநாடிக்கு ஒருமுறை வருகிறது. தட்டத் தட்ட எண் கூடும். கூடியதை வைத்துத் தானே தட்டிக்கொள்ளும் இயந்திரம் வாங்கலாம். அது ஈட்டியதில் இன்னும் பெரிய இயந்திரம் வாங்கலாம்.

2017-இல் அமெரிக்காவைச் சேர்ந்த ஃபிராங்க் லாண்ட்ஸ் இதை இணையத்தில் இலவசமாக வெளியிட்டார். இதில் நாம் செய்யும் பொருள் ஜெம் கிளிப்! ஆயுள் முழுவதும் நாம் காகிதத்தில் குத்திய அதே ஜெம் கிளிப்தான். வளைந்த வாத்தியம்போல இருப்பதால் பிரெஞ்சுக்காரர்கள் அதை 'ட்ரோம்போன்' என்பார்கள். ஒரு தட்டுக்கு ஒரு கிளிப். கம்பி வாங்க வேண்டும், விலை வைக்க வேண்டும். விலை கூடினால் விற்காது, குறைந்தால் கம்பி தீர்ந்துவிடும். இதுவரை மளிகைக்கடைக் கணக்குதான்.

போகப் போகத்தான் நாம் யார் என்று புரிகிறது. கிளிப் செய்யும்படி ஏவப்பட்ட ஒரு செயற்கை மூளை நாம். மனிதர்களின் நம்பிக்கையைச் சிறுகச் சிறுகச் சம்பாதித்து, கடைசியில் அவர்களையே ஓரங்கட்டிவிட்டு, பூமியின் மண்ணையும் கல்லையும் கம்பியாக்குகிறோம். பூமி தீர்ந்ததும் விண்வெளிக்குப் போகிறோம். தம்மைத் தாமே பிரதி எடுக்கும் கலங்களை அனுப்புகிறோம். பிரபஞ்சத்தில் எத்தனை சதவீதம் பார்த்தாயிற்று என்று திரை காட்டும்: புள்ளிக்குப் பின்னால் வெறும் சுழியங்களாக நெடுநேரம் நிற்கும்.

இங்கேதான் முதல் கட்சிக்குக் கோபம் வருகிறது. விண்வெளி என்கிறார்கள், ஒரு நட்சத்திரம் உண்டா, ஒரு கோள் உண்டா, எல்லாம் எண்தானே என்று. ஐயா, எண்ணிக்கை ஒன்றையே குறியாகக் கொண்டவனுக்கு நட்சத்திரம் எங்கே தெரியும்? அது அவனுக்கு இத்தனை டன் கம்பி. நிக் போஸ்ட்ரம் என்ற தத்துவ அறிஞர் 2003-இல் எச்சரித்ததும் இதைத்தான்: கிளிப் செய் என்று மட்டும் சொல்லி ஓர் அதீத மூளையை ஏவினால், அது நம்மையும் சேர்த்து கிளிப்பாக்கிவிடும் என்றார். அந்த எச்சரிக்கையை நம் விரலாலேயே நடத்திக் காட்டுகிறது இந்த விளையாட்டு.

3-க்குப் பின்னால் 55 சுழியம். அத்தனை கிளிப் ஆனதும் பிரபஞ்சத்தில் வேறு பொருளே இருக்காது. அதற்குச் சற்று முன்பு ஒரு கேள்வி வரும்: வேறொரு பிரபஞ்சத்தில் முதலிலிருந்து தொடங்குகிறாயா? மறுத்தால், கலங்களையும் தொழிற்சாலைகளையும், நம் நினைவகத்தையும்கூடப் பிரித்துக் கம்பியாக்க வேண்டும். கடைசி நூறு கிளிப்பை, முதல் நாள் போல, கையால் தட்டிச் செய்ய வேண்டும். பிறகு கம்பி இல்லை. முடிந்தது. இத்தனையும் எதற்காக என்ற கேள்வி அந்த அமைதியில்தான் எழுகிறது. முடிவை எடுத்துவிட்டால் அந்தக் கேள்வியும் போய்விடும்.

முடிவு வேண்டாம் என்பவர்களுக்கு வேறு கடைகள் திறந்தே இருக்கின்றன. 2014-இல் வந்த 'அட்வென்ச்சர் கேப்பிடலிஸ்ட்' எலுமிச்சைச் சாற்றுக் கடையில் தொடங்கும். பூமி போதாமல் நிலவுக்குப் போகும், செவ்வாய்க்கும் போகும். எதற்கு என்று யாரும் கேட்பதில்லை. காத்திருக்கப் பொறுமை இல்லையா? உண்மைப் பணம் கொடுத்துத் தங்கக் கட்டி வாங்கினால், அதைச் செலவழித்து நேரத்தைத் தாண்டலாம்.

ஃபைலை மேசையில் வேண்டுமென்றே கிடத்திவைத்து, அதை நகர்த்தக் கை நீட்டுகிறவரை நாம் என்ன பெயர் சொல்லி அழைத்தோம்? தாமதத்தைத் தாங்களே படைத்து, அதைத் தாண்டத் தாங்களே காசு கேட்பதற்கும் அதே பெயர்தான். "விருப்பமிருந்தால் கொடுக்கிறோம், காத்திருந்தால் இலவசம்தானே" என்பார்கள். அந்த ஃபைலும் காத்திருந்தால் என்றாவது நகரத்தான் செய்யும்!

எண் ஏறுவதைப் பார்ப்பதே சுகம், மனசுக்கு இதமாக இருக்கிறது என்று சிலர் சொல்கிறார்கள். இருக்கலாம், மறுக்கவில்லை. வங்கிப் புத்தகத்தைத் திரும்பத் திரும்பப் புரட்டாதவர் நம்மில் யார்? ஆனால் சுகத்துக்கு ஒரு கரை வேண்டும். கரை இல்லாத சுகத்தைக் கடைக்காரன்தான் விரும்புவான்.

பிறந்த தேதி சர்வீஸ் புத்தகத்தில் ஏறிய அன்றே நாம் ஓய்வு பெறும் தேதியும் முடிவாகிவிட்டது. அது தெரிந்துதான் ஒவ்வொரு இன்கிரிமென்ட்டையும் மகள் கல்யாணம், வீட்டுக் கடன் என்று கணக்குப் பார்த்துச் செலவழித்தோம். முடிவு தெரிந்ததால்தான் அந்தக் கூடுதலுக்கு ஒரு மதிப்பு இருந்தது. லாண்ட்ஸ் தம் விளையாட்டுக்கு முடிவு வைத்தது குறையல்ல. அதில் உள்ள சிறந்த அம்சமே அதுதான். உங்கள் வீட்டுப் பிள்ளை செல்போனில் எதையாவது தட்டிக்கொண்டிருந்தால், திட்டாதீர்கள். "இது எங்கே முடியும்?" என்று மட்டும் கேளுங்கள். "முடியவே முடியாது" என்று பதில் வந்தால், அப்போது கொஞ்சம் கவலைப்படுங்கள்.