கார் பளபளக்கிறது, கியர் பெட்டி எப்படி?

அமெரிக்காவில் பழைய "ஸ்டேஷன் வேகன்" வாங்குவோர் ஏமாறுவது எங்கே?

கணவன், மனைவி, இரண்டு குழந்தைகள், ஒரு நாய். அமெரிக்காவில் எந்த ஊரிலும் காணக்கூடிய குடும்பம் இது. இவர்களுக்கு ஒரு கார் வேண்டும். கார் இல்லாவிட்டால் பால் வாங்கக்கூடப் போக முடியாத ஊர்கள் அங்கே பல உண்டு.

புதுக் கார் வாங்கப் பணம் இல்லை. பழைய கார்க் கடைக்குப் போகிறார்கள். அங்கே ஒரு "ஸ்டேஷன் வேகன்" நிற்கிறது. பின்பக்கம் நீண்ட கார் அது. பின் கதவைத் தூக்கினால் மூட்டை முடிச்சு எல்லாவற்றையும் உள்ளே வைக்கலாம். பெயிண்டு மின்னுகிறது. சீட்டில் கிழிசல் இல்லை. விலையும் கைக்கு எட்டுகிறது.

"எடுத்துக்கொள்ளலாமா?" என்று மனைவியைப் பார்க்கிறார் கணவர்.

ஆபத்து அங்கேதான் இருக்கிறது! கண்ணுக்குத் தெரிவது பெயிண்டு. தெரியாதது கியர் பெட்டி. அது கெட்டுப் போனால், வேறு போடப் பல ஆயிரம் டாலர் ஆகும். காரை வாங்கிய பணத்தில் பெரும் பங்கு அதற்கே மறுபடியும் போய்விடும்.

வயதான கார்கள்

அமெரிக்க ரஸ்தாக்களில் ஓடும் கார்களின் சராசரி வயது 2024-ல் 12 ஆண்டுகளைத் தாண்டிவிட்டது. 2021-ல் மின்னணுச் சில்லுகள் கிடைக்காமல் புதுக் கார் உற்பத்தி குறைந்தது. எல்லோரும் பழைய காரைத் தேடி ஓடினார்கள். 2022 ஜனவரியில் பார்த்தால், ஒரே ஆண்டில் பழைய கார் விலை சுமார் 40 சதவீதம் ஏறியிருந்தது. பிறகு விலை ஓரளவு இறங்கியது. ஆனால், பழைய காரை வைத்தே காலம் தள்ளும் வழக்கம் நிலைத்துவிட்டது.

அப்படி விற்பனைக்கு வரும் வேகன்களில் அடிக்கடி காணப்படுவது ஜப்பானிய நிறுவனமான சுபாருவின் "அவுட்பேக்". 1995-ம் ஆண்டு மாடலாக அமெரிக்காவுக்கு வந்த வண்டி. நான்கு சக்கரங்களும் இழுக்கும். பனியிலும் மலையிலும் போகும். குடும்பங்களுக்குப் பிடித்துவிட்டது.

பல் இல்லாத கியர்

2010-ம் ஆண்டு மாடலில் ஒரு மாறுதல் வந்தது. நான்கு சிலிண்டர் அவுட்பேக்கின் தானியங்கி கியர் பெட்டியில் பல் சக்கரங்கள் மாறி மாறி விழும் பழைய முறை போயிற்று. "சி.வி.டி." என்ற புது முறை வந்தது.

அது எப்படி வேலை செய்கிறது? நெல் மில்லில் ஒரு சக்கரத்திலிருந்து இன்னொரு சக்கரத்துக்குப் பெல்ட் ஓடும் அல்லவா? அதே மாதிரிதான். பெட்டிக்குள் இரண்டு கப்பிகள். அவற்றின் மேல் ஓர் எஃகுச் சங்கிலி. கப்பிகளின் இரு பக்கங்களும் நெருங்கும், விலகும். அதற்கேற்பச் சங்கிலி மேலே ஏறும், கீழே இறங்கும். வேகம் வழுக்கிக்கொண்டு மாறும். உதறல் இல்லை, பெட்ரோலும் மிச்சம்.

ஆனால், இந்தச் சங்கிலி கப்பியைக் கெட்டியாகப் பிடித்தபடியே இருக்கவேண்டும். அந்தப் பிடியைக் கொடுப்பது ஆயிலின் அழுத்தம். சூட்டினால் ஆயில் கெட்டாலும், அதை அனுப்பும் வால்வுகள் பழுதானாலும் பிடி தளரும். சங்கிலி வழுக்கும். கப்பியில் கீறல் விழும். கீறல் விழுந்த பிறகு வைத்தியம் இல்லை, பெட்டியையே மாற்றவேண்டியதுதான்!

உத்தரவாதம் முடிந்தது

புகார்கள் வந்தன. சுபாரு நிறுவனம் உத்தரவாதத்தை நீட்டியது. 5 ஆண்டு அல்லது 60,000 மைல் என்று இருந்ததை, 10 ஆண்டு அல்லது 1,00,000 மைல் (சுமார் 1,60,000 கிலோமீட்டர்) என்று ஆக்கியது. 2010 முதல் 2015 வரையிலான அவுட்பேக் மாடல்களும் இதில் சேர்ந்தன. பெரிய சலுகைதான்.

ஆனால் கணக்குப் பாருங்கள். 2015-ல் விற்ற காருக்கு 2025-ல் பத்து ஆண்டு முடிந்துவிட்டது. கம்பெனி ஏற்ற செலவு இனி வாங்குகிறவர் தலையில்! இன்று இந்த வண்டிகள் மலிவாகக் கிடைப்பதை இந்தக் கணக்கோடு சேர்த்துத்தான் பார்க்கவேண்டும்.

இதனால் எல்லா சி.வி.டி.யும் மோசம் என்று சொல்லிவிட முடியாது. லட்சம் மைல் தாண்டி ஒழுங்காக ஓடுகிறவையும் ஏராளம். நல்லதையும் கெட்டதையும் பிரித்து அறிவதே கெட்டிக்காரத்தனம்.

எப்படிக் கண்டுபிடிப்பது?

முதலில் காகிதம். கியர் பெட்டி ஆயிலை எப்போது மாற்றினார்கள்? ரசீது இருக்கிறதா? "இந்த ஆயில் காரின் ஆயுள் முழுவதும் போதும்" என்று நம்பித் தொடாமலே விட்டவர்கள் உண்டு. சி.வி.டி.க்கு என்று தனி ஆயில் இருக்கிறது. வேறு ஆயிலை ஊற்றியிருந்தால் அதுவே விஷம்.

இரண்டாவது, காரின் 17 எழுத்து அடையாள எண். அதை அந்தக் கம்பெனியின் சர்வீஸ் நிலையத்தில் கொடுத்தால், உத்தரவாதத்தில் நடந்த பழுது வேலைகளைப் பற்றி விசாரிக்கலாம். கியர் பெட்டியை ஏற்கெனவே மாற்றியிருந்தால் அது நல்ல செய்திதான்.

மூன்றாவது, ஓட்டிப் பார்ப்பது. ஐந்து நிமிடம் போதாது. வண்டி நன்றாகச் சூடேறும் வரை அரை மணி நேரமாவது ஓட்டவேண்டும். என்ஜின் இரைகிறது, வண்டி நகரவில்லை என்றால் வழுக்கல். மெதுவாகக் கிளம்பும்போது உதறினாலும், நிறுத்தும்போது என்ஜின் அணைந்தாலும், ரிவர்ஸிலிருந்து முன் கியருக்கு வரத் தயங்கினாலும் எச்சரிக்கை!

நான்காவது, டயர். நான்கும் ஒரே அளவாக, ஒரே தேய்மானமாக இருக்கவேண்டும். சுற்றளவில் கால் அங்குலத்துக்கு மேல் வித்தியாசம் கூடாது என்கிறது சுபாரு. ஒரு டயர் மட்டும் புதிதாக இருந்தால், நான்கு சக்கரங்களுக்கும் விசையைப் பங்கிடும் பாகம் ஓயாமல் உழைத்துத் தேயும்.

சி.வி.டி.யே வேண்டாம் என்பவர்களுக்கும் வழி உண்டு. 2014 மாடல் வரை கையால் கியர் போடும் அவுட்பேக் அங்கே விற்றது. ஆறு சிலிண்டர் வண்டியிலும் அதுவரை பழைய முறைத் தானியங்கி கியர்தான்.

கண்ணாடியில் ஒட்டிய தாள்

1985 முதல் அமெரிக்காவில் ஒரு விதி அமலில் இருக்கிறது. பழைய கார் வியாபாரி, காரின் கண்ணாடியில் ஒரு தாளை ஒட்டவேண்டும். உத்தரவாதம் உண்டா, இல்லையா என்று அதில் இருக்கும். "உள்ளது உள்ளபடி" என்று குறித்திருந்தால், பிறகு வரும் பழுதுக்கு வியாபாரி பொறுப்பில்லை. சில மாநிலங்கள் மட்டும் அப்படி விற்பதைத் தடுத்திருக்கின்றன. தனி ஆளிடம் வாங்கினால் இந்தத் தாளும் இருக்காது.

"உங்கள் மெக்கானிக்கைக் கொண்டு சோதிக்கலாமா என்று கேளுங்கள்" என்ற யோசனையும் அந்தத் தாளிலேயே இருக்கிறது. கேட்பவர்கள்தான் குறைவு. சோதனைக்கு ஆகும் செலவு கொஞ்சம். அதை மிச்சம் பிடித்துப் பல ஆயிரம் டாலரை இழப்பது சிக்கனமா?

கடையில் நிற்கும் அந்தக் குடும்பத்துக்கு வருவோம். "எடுத்துக்கொள்ளலாமா?" என்றார் கணவர். மனைவி காரைப் பார்க்கவில்லை. வியாபாரியைப் பார்த்தாள்.

"கியர் பெட்டி ஆயிலை மாற்றிய ரசீதைக் காட்டுங்கள்" என்றாள்.

ரசீது வந்தால், அடுத்த நாள் மெக்கானிக் வரட்டும். வராவிட்டால், அடுத்த கடை இருக்கிறது!