பூச்சில் புதையும் இலை

சிங்கப்பூரின் ஜாலான் புசாருக்கு வருகிறவர்கள் பெட்டேய்ன் சாலையின் 18 வரிசைவீடுகளைப் படமெடுக்காமல் திரும்புவதில்லை. 1930இல் கட்டியவை. படங்களில் விழுவது பூப்போட்ட ஓடுகளும் சுவர் வண்ணங்களும்தான். இந்த வட்டாரக் கடைவீடுகளின் தூண் தலைப்பில் சுருண்டிருக்கும் அகாந்தஸ் இலையை கடைமுன் அஞ்சடி நடைபாதையில் நின்று அண்ணாந்து பார்ப்பவர் குறைவு.

கிரேக்கத்தில் பிறந்த இலை அது. ஊர் ஊராகக் கொண்டுபோனவர்கள் ரோமானியர்கள். கி.மு. 9இல் ரோமில் அகஸ்டஸின் பெயரால் அர்ப்பணித்த அமைதிப் பீடத்தைச் சொல்ல வேண்டும். அதன் கீழ்ச்சுவரில் அகாந்தஸ் தூரிலிருந்து கொடிகள் கிளம்பிச் சுருள் சுருளாக விரிகின்றன. உற்றுப் பார்த்தால் நடுவே தவளை, பல்லி, குஞ்சுகளின் கூட்டை நோக்கி ஊரும் பாம்பு. பின்வந்த சிற்பிகள் துளைப்பானால் பளிங்கை இன்னும் ஆழக் குடைந்தார்கள். மடிப்புக்குள் இருட்டு விழுந்தால்தான் கீழே நிற்பவன் கண்ணுக்கு இலை தெரியும். வெயிலை நம்பிச் செய்த வேலை.

இங்கே பளிங்கு ஏது? சாந்துதான். சிங்கப்பூரில் அதற்கும் பழைய கை இருக்கிறது. 1862இல் திருநிலைப்படுத்திய செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்துக்கு இந்தியக் கைதிகள் பூசிய மதராஸ் சுண்ணாம்பில் கிளிஞ்சல் சுண்ணம், முட்டை வெள்ளைக்கரு, நாட்டுச் சர்க்கரை, தேங்காய் மட்டை ஊறிய தண்ணீர் எல்லாம் சேர்ந்தன. காய்ந்தபின் கல்லால் தேய்த்து மெருகேற்றினார்கள். சுதை வேலை தெரிந்தவருக்கு இந்தப் பக்குவம் அந்நியமில்லை.

1991இல் ஜாலான் புசார் பாதுகாப்பு வட்டாரமானது. இடிபடாமல் தப்பியது பெரிய காரியம். ஆனால் கடை கைமாறும்போதெல்லாம் பழைய பூச்சின்மேல் புதுப் பூச்சு ஏறுகிறது. நரம்புகள் தூர்ந்து, விளிம்பு மழுங்கி, இலை இருந்த இடத்தில் கொழுக்கட்டை மிஞ்சுகிறது.

கடைக்காரரைக் குறை சொல்லுமுன் சிராங்கூன் சாலைக் கோயில் கோபுரங்களையும் பார்ப்போம். 12 ஆண்டுக்கு ஒரு குடமுழுக்கு, ஒவ்வொன்றுக்கும் புது வண்ணம். பளபளப்பு கேட்பவர்கள் நாம்தான். இலைக்கொடி வேலைப்பாடான கொடிக்கருக்கின் கருக்கு எங்கே என்று எவரும் கேட்பதில்லை. பழைய அடுக்கைச் சுரண்டிவிட்டுத் தீட்டினால் செலவும் நாளும் கூடும். கூடட்டும்.

கோபுர வேலைக்குத் தமிழ்நாட்டிலிருந்து வரும் சுதைச் சிற்பிகளோடு உரையாடிய பதிவுகளை அடுத்த இதழுக்கு எதிர்பார்க்கிறோம். பூவிதழை எந்தக் கரண்டியால் வகிர்கிறார்கள், சுண்ணாம்பு போய் அவர்கள் கைக்கு சிமெண்ட் எப்போது வந்தது என்பதையும் கேட்டு எழுதுங்கள்.