வேலை வரிசைக்கும் முக்கோணக் கணக்குக்கும் காப்புரிமை கூடாது: செயற்குழுவின் நிலைப்பாட்டு அறிக்கை

கணினி சார் கண்டுபிடிப்புகளுக்கான திருத்திய வழிகாட்டு நெறிகளை இந்தியக் காப்புரிமை அலுவலகம் 2025-இல் வெளியிட்டதிலிருந்து, நம் நிலை என்ன என்று உறுப்பினர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். மூன்று முறை கூடியும் செயற்குழு எல்லா வரியிலும் ஒத்துப்போகவில்லை. ஒத்துப்போனவரை இங்கே தருகிறோம். 2015 ஆகஸ்டில் வந்து டிசம்பரில் நிறுத்திவைக்கப்பட்ட நெறிகள், நிரலோடு புதிய வன்பொருளும் வேண்டும் என்ற 2016-இன் நிபந்தனை, 2017-இல் அது காணாமல் போனது எல்லாம் உங்களுக்கு மனப்பாடம்.

கணித முறையும் அல்காரிதமும் கண்டுபிடிப்பு ஆகா என்கிறது காப்புரிமைச் சட்டத்தின் 3(கே) பிரிவு. கணினி நிரலும் ‘தன்னளவில்’ ஆகாது. வன்பொருளோடு சேர்ந்த நிரலுக்கு இடம் தரப் பார்த்த 2004 டிசம்பர் அவசரச் சட்டத்தின் வாசகத்தை 2005-இல் நாடாளுமன்றம் ஏற்கவில்லை. நாடாளுமன்றம் வேண்டாம் என்றதை நெறிகள் ‘தொழில்நுட்ப விளைவு’ என்ற பெயரில் கொல்லைப்புறமாக அழைத்துவருவதை எதிர்க்கிறோம். (‘வன்மையாக’ என்ற சொல்லில் குழு பிளவுபட்டதால் அதை விட்டுவிட்டோம்.)

ரேதியான் நிறுவனத்தின் வழக்கைப் பாருங்கள். மீத்திறன் கணினியில் வேலைகளை நோடுகளுக்குப் பகிர்ந்து அனுப்பும் முறைக்கு அந்நிறுவனம் காப்புரிமை கேட்டது. புதிய வன்பொருள் இல்லை என்று அலுவலகம் மறுத்தது. அந்த நிபந்தனை இப்போது நடைமுறையில் இல்லை என்று 2023 செப்டம்பரில் தில்லி உயர் நீதிமன்றம் விண்ணப்பத்தை மறுபரிசீலனைக்கு அனுப்பியது. தீர்ப்பில் குறை காண இயலாது, குறை நெறியில்தான் என்பது பெரும்பான்மைக் கருத்து. இந்த வரிசை நமக்குப் புதிதல்ல: இரவில் வேலையைச் சமர்ப்பித்துவிட்டு, காலையிலும் அது ‘நிலுவை’ என்றே திரையில் நிற்பதைப் பார்த்த ஆராய்ச்சி மாணவர்கள் நம்மில் பலர். பெரிய வேலை காத்திருக்கும் இடைவெளியில் சின்ன வேலையை நுழைப்பது இத்துறையில் பழைய உத்தி. ஒரு தீப்பெட்டி வாங்க வந்தவரை முதலில் அனுப்பிவிடும் மளிகைக் கடைக்காரருக்கும் அது தெரியும்.

ஆறாத புண் வேறொன்று: மார்ச்சிங் க்யூப்ஸ். ஸ்கேன் எடுத்த தலையின் எண்களிலிருந்து மண்டையோட்டின் பரப்பை வரையும் முறை. எண்களைச் சின்னச் சின்னக் கனசதுரங்களாகப் பிரிக்கிறோம். ஒவ்வொன்றுக்கும் எட்டு மூலை. ஒவ்வொரு மூலையும் எலும்புக்கு உள்ளே, இல்லையேல் வெளியே. ஆக 256 நிலைகள். திருப்பியும், உள்ளே வெளியே மாற்றியும் பார்த்தால் மிஞ்சுவது 15. அந்த 15-க்கும் முக்கோணங்களை அட்டவணை போட்டுவிட்டால் வேலை முடிந்தது. பிளஸ் டூ மாணவர் தாளில் போட்டுப் பார்க்கலாம். ஜெனரல் எலக்ட்ரிக்கின் லோரன்சனும் க்ளைனும் 1985-இல் விண்ணப்பித்து, 1987-இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார்கள். கெட்டிக்காரர்கள், மறுக்கவில்லை. ஆனால் 2005 வரை அந்த அட்டவணைக்கு வேலி. மற்றவர்கள் கனசதுரத்தை நான்முகிகளாக அறுத்து, அதே மண்டையோட்டை இன்னும் அதிக முக்கோணங்களில் வரைந்தார்கள். மூல முறையின் ஒரு குழப்பத்தை நான்முகி தீர்த்தது உண்மைதான். வக்கீல் நோட்டீசுக்குப் பயந்தும் அந்தப் பக்கம் போனார்கள் என்பதும் உண்மைதான். கணக்கைச் சரியாகப் போடத் தெரிந்தவனைச் சுற்றிக்கொண்டு போ என்பது எந்த ஊர் நியாயம்?

இப்படி வேறு கதைகளும் உண்டு. டூம் 3 விளையாட்டின் மூலநிரலை 2011-இல் திறந்தபோது, தானே கண்டடைந்த நிழல் உத்தியை அதன் நிரலாளர் ஜான் கார்மாக் காப்புரிமையால் மாற்றி எழுத வேண்டிவந்தது. எஸ்3டிசி என்ற படச் சுருக்க முறையை மெசா என்ற திறந்த வரைகலை நூலகம் காப்புரிமையால் 2017 வரை தன் நிரலுக்கு வெளியே வைத்திருந்தது. 

சிப், குளிரூட்டும் அமைப்பு போன்ற வன்பொருள் காப்புரிமைகள் பற்றி இப்போதைக்கு நிலைப்பாடு இல்லை. தற்காப்புக்காகக் காப்புரிமை வைத்திருக்கும் உறுப்பினர்களின் கவலையைக் குழு கவனத்தில் கொள்கிறது.

வேலை வரிசை, வரைகலை தொடர்பான விண்ணப்பங்கள் வெளியானதும், இயன்றவரை 25(1) பிரிவின்கீழ் எதிர்ப்பு மனு தருவோம். 2024 விதித் திருத்தத்துக்குப் பின் அதற்குக் கட்டணம் உண்டு. பொருளாளர் தொகை ஒதுக்கிவிட்டார். தேதியுள்ள பழைய கையேடு, ஆய்வேடு, மூலநிரல் எது கையில் இருந்தாலும் இந்த மாத இறுதிக்குள் செயலாளரிடம் சேருங்கள்.