முற்றத்துக்கு என்ன வாடகை?

வில்லியனூர் திருக்காமீஸ்வரர் கோயிலுக்குப் பக்கத்துத் தெருவில் என் பெரியப்பா வீடு. திண்ணை, தாழ்வாரம், நடுவில் முற்றம், அப்புறம் கொல்லை. கொல்லைக் கோடியில் கக்கூஸ். பெரியம்மாவுக்கு வயசு 72, இரண்டு முழங்காலும் மக்கர். ராத்திரி ரெண்டு மணிக்கு அங்கே போய் வருவது ஒரு காசி யாத்திரை!

பெரியப்பா காலமானபின் வீடு அவர் பிள்ளைகள் இரண்டு பேருக்கும் பாதிப் பாதி. சென்னையில் இருக்கும் பெரிய அண்ணன், ''இடிச்சிட்டு மூணு மாடி கட்டு. கீழே கடை, மேலே வாடகை'' என்கிறார். கூடவே இருக்கும் சின்ன அண்ணனுக்கு மனசு வரவில்லை. பி.காம். படித்த பாவத்துக்குக் கணக்கை என் தலையில் கட்டிவிட்டார்கள்.

முற்றம் பன்னிரண்டுக்குப் பத்து. 120 சதுர அடி, நயா பைசா வருமானம் இல்லை. ஆனால், வீட்டுச் சூடெல்லாம் அது வழியாகத்தான் மேலே ஏறிப் போகிறது. அதை ஷீட் போட்டு மூடிவிட்டால் ரூமுக்கு ரூம் ஏ.சி. வைக்கணும். கரன்ட் பில்லை அண்ணனா கட்டுவார்?

பக்கத்தில் பாண்டிச்சேரியில் வைசியாள் வீதி இருக்கிறதே... 2000-களின் தொடக்கத்தில் ஐரோப்பிய யூனியன் பண உதவியோடு, 'இன்டாக்' அமைப்பு முன்னின்று அங்கே பழைய வீடுகளின் முகப்பைச் சீர்செய்தார்கள். 2008-ல் யுனெஸ்கோ விருதே கிடைத்தது. அருமையான வேலைதான். ஆனால், நம்ம பெரியம்மாவின் பிரச்னை முகப்பில் இல்லையே, கொல்லையில் அல்லவா இருக்கிறது!

வயதான கொத்தனார் ஒருவரைக் கூட்டிப்போய்க் காட்டினேன். சுவரைத் தட்டிப் பார்த்தார். ''சுண்ணாம்புச் சுவத்துக்கு மேல எவன் சார் சிமென்ட் பூசினது?''

விஷயம் இதுதான். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை இழுக்கும், மெதுவாக வெளியே விட்டுவிடும். மேலே சிமென்ட் பூசினால் ஈரத்துக்கு வெளியேற வழியில்லை. உள்ளேயே தங்கி, உப்புப் பூத்து, செங்கல்லையும் அரித்துவிடும். ஜனங்கள், 'பழைய வீடு, உளுத்துப்போச்சு' என்பார்கள். உளுக்கவைத்தது போன மராமத்து!

சிமென்ட்டைக் கொத்தி எடுத்துவிட்டு மறுபடி சுண்ணாம்பே பூசுவது என்று முடிவானது. மேலே மெட்ராஸ் டெரஸ். தேக்குச் சட்டங்களில் ரெண்டை மட்டும் மாற்றினால் போதுமாம். பெரியம்மா படுக்கும் அறையை ஒட்டி, நெல் மூட்டை போட்டுவைத்த உள் ஒன்று சும்மா கிடக்கிறது. அதுதான் இனி பாத்ரூம். பைப்பைச் சுவருக்குள் புதைக்கக் கூடாது, வெளியிலேயே ஓடட்டும். ஒழுகினால் கண்ணில் படுமே!

''எல்லாம் சரிடா. பிடிச்சுக்க ஒரு கம்பி வை'' என்றார் பெரியம்மா. இத்தனை பேர் பேசியதில் உருப்படியான யோசனை அது ஒன்றுதான்.

ஒரே சிக்கல்... சுண்ணாம்பு பூசத் தெரிந்த ஆள் கிடைப்பது குதிரைக்கொம்பு. நம்ம கொத்தனாரின் பையன் டைல்ஸ் ஒட்டப் போய்விட்டான். அதில்தான் கூலி ஜாஸ்தி.

கொல்லைத் தொட்டியில் சுண்ணாம்பு ஊறிக்கொண்டிருக்கிறது. இடிக்க ஆகும் செலவு, கட்ட வாங்கும் கடனுக்கு வட்டி எல்லாம் போட்டுப் பெரிய அண்ணனுக்கு நாலு பக்கக் கணக்கு அனுப்பியிருக்கிறேன். மூன்று நாளாக போன் ஸ்விட்ச் ஆஃப்!