உங்க டேக்ஸ் ஷீட் பழைய எண்ணையே காட்டுதா? ரேஞ்சை எங்கே கொடுத்திருக்கீங்கன்னு பாருங்க

ஃப்ரீலான்ஸ் வேலை பார்க்கிற பலர் கூகுள் ஷீட்ஸ்ல ஆப்ஸ் ஸ்கிரிப்ட் வச்சு, வரி கணக்கிட சொந்தமா ஒரு ஃபங்ஷன் எழுதிக்கிறீங்க. நல்ல விஷயம்தான். ஆனா நான் வலியுறுத்துறது ஒண்ணுதான்: வருமானம் இருக்கிற செல் ரேஞ்சை ஃபார்முலாவோட அடைப்புக்குறிக்குள்ளேயே கொடுங்க. ஸ்கிரிப்ட்டுக்குள்ள புதைக்காதீங்க.

காரணம் இதுதான். நீங்க கொடுத்த ஆர்க்யுமென்ட் மாறினாதான் கஸ்டம் ஃபங்ஷன் மறுபடி கணக்குப் போடும். ரேஞ்சை ஸ்கிரிப்ட்டுக்குள்ள எழுதினாலோ, மேற்கோள் குறிக்குள்ள வெறும் எழுத்தா கொடுத்தாலோ, செல்லில் தொகை மாறியது அதுக்குத் தெரியாது. பழைய விடையே நிற்கும். எரர்கூட வராது.

இதோட விலை என்ன? வரிக்குரிய வருமானம் 16 லட்சம்னு ஷீட்ல இருக்கு. டிசம்பர்ல இன்னும் 4 லட்சம் வருது. 2025-26 நிதியாண்டு புதிய வரி முறையில, செஸ் சேர்க்காம, 16 லட்சத்துக்கு வரி 1,20,000 ரூபாய். 20 லட்சத்துக்கு 2,00,000 ரூபாய். ஷீட் பழைய எண்ணைக் காட்டினா, மார்ச் 15 அட்வான்ஸ் டேக்ஸ்ல 80,000 ரூபாய் குறையும். அப்புறம் 234பி, 234சி பிரிவுகள்ல வட்டி கட்டணும்.

ஸ்லாப் அட்டவணையையும் இரண்டாவது ரேஞ்சா கொடுங்க. புதிய முறையில 2024-25-ல் 3 லட்சம் வரை வரி இல்லை, 2025-26-ல் அது 4 லட்சம். அடுத்த முறை மாறினா ஷீட்ல அட்டவணையைத் திருத்தினா போதும், ஸ்கிரிப்ட்டைத் தொட வேண்டியதில்லை.

ஒரு எச்சரிக்கை. ஒரே செல்லைக் கொடுத்தா ஃபங்ஷனுக்கு ஒரு மதிப்பு போகும். ரேஞ்ச் கொடுத்தா வரிசை வரிசையா முழு அட்டவணையும் போகும். அதுல காலி செல் பூஜ்யமா வராது, வெற்று எழுத்தா வரும். 50,000, காலி, 60,000 மூணையும் அப்படியே கூட்டினா 1,10,000 கிடைக்காது. எண்கள் ஒட்டிக்கிட்டு 5000060000 ஆகிடும்! அதனால ஒவ்வொரு மதிப்பையும் எண்ணா மாத்தின பிறகே கூட்டுங்க. வெறும் மொத்தம்தான் வேணும்னா, ஷீட்ல இருக்கிற சம் ஃபங்ஷனே போதும்.

வீடியோவுல இதை ஸ்கிரீன்ல செஞ்சு காட்டியிருக்கேன். அதுக்கு முன்னாடி, உங்க ஷீட்ல ஒரு மாச வருமானத்தை மாத்திப் பாருங்க. வரி மாறலைன்னா, அந்த ஷீட்டை நம்பி சலான் கட்டாதீங்க.