ரோலரும் ஆர்மோனியமும்

1990 மார்ச் மாதம் கனடாவில் ஒரு படத்தை வைத்துப் பெரிய சண்டை மூண்டது. தலைநகர் ஒட்டாவாவில் இருக்கும் தேசிய கலைக்கூடம் முந்தைய ஆண்டே அதை வாங்கியிருந்தது. விலை ஏறத்தாழ 18 லட்சம் கனடிய டாலர். செய்தி வெளியே வந்தபிறகுதான் ஊர் அந்தப் படத்தை உற்றுப் பார்த்தது. பார்த்தால் மூன்று பட்டைகள். இரண்டு பக்கமும் நீலம், நடுவில் சிவப்பு. 18 அடி உயரம், 8 அடி அகலம். வேறு ஒன்றுமில்லை. பெயர் மட்டும் 'நெருப்பின் குரல்'. வரைந்தவர் பார்னெட் நியூமன் என்ற அமெரிக்கர், 1970-லேயே காலமாகிவிட்டவர்.

நாடாளுமன்றத்தின் கலாச்சாரக் குழுவுக்கு அப்போது தலைவராக இருந்தவர் ஃபீலிக்ஸ் ஹோல்ட்மன். மானிட்டோபா மாகாணத்துக்காரர், பன்றிப் பண்ணை வைத்திருந்தவர். இரண்டு டப்பா பெயின்ட்டும் இரண்டு ரோலரும் கொடுத்தால் பத்து நிமிடத்தில் தானே இதைச் செய்துவிடுவேன் என்ற பொருளில் அவர் பேசினார். நாடு முழுவதும் அந்தப் பேச்சு பரவியது. மூன்று பட்டை போட்ட டி-ஷர்ட்டுகள் வந்தன. வீட்டுக் கதவிலும் பலகையிலும் நீலம்-சிவப்பு-நீலம் அடித்து, 'என்னுடையது இன்னும் மலிவு' என்று கேலி செய்தார்கள்.

அந்தக் கோபத்தைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும். பொருளாதாரம் தொய்ந்துகொண்டிருந்த நேரம். புதிய விற்பனை வரி வரப்போகிறதென்று மக்கள் கொதித்துக்கொண்டிருந்தார்கள். அந்த நேரத்தில் வரிப்பணத்தில் மூன்று பட்டையா என்பது ஒரு கோபம். கனடா ஓவியர்கள் இத்தனை பேர் இருக்க, அமெரிக்கர் படத்துக்கா இவ்வளவு பணம் என்பது இன்னொன்று. இந்த இரண்டுக்கும் படத்தோடு சம்பந்தமே இல்லை. பசுவும் கன்றும் வரைந்த படமாக இருந்தாலும் இரண்டும் எழுந்திருக்கும். படத்தைப் பற்றியது என்று சொல்லத்தக்கது ஹோல்ட்மனின் ரோலர் வாதம் ஒன்றுதான். இதில் திறமை எங்கே இருக்கிறது, யார் வேண்டுமானாலும் செய்யலாமே என்ற கேள்வி. நவீன ஓவியத்தின் முன்னால் நிற்கும் பத்தில் ஒன்பது பேர் மனதில் வரும் கேள்விதான் இது. மரியாதைக்காக வெளியே சொல்வதில்லை, அவ்வளவே.

ஹோல்ட்மன் இதைச் சொன்ன அதே காலத்தில், நியூமனின் இன்னொரு படத்துக்கு நியூயார்க்கில் பழுதுபார்க்கும் வேலை நடந்துகொண்டிருந்தது. அந்தப் படம் ஆம்ஸ்டர்டாமின் ஸ்டெடலிக் அருங்காட்சியகத்துக்குச் சொந்தமானது. சிவப்பு, மஞ்சள், நீலத்தைக் கண்டு யாருக்குப் பயம் என்று கேட்கும் தலைப்பில் நியூமன் வரைந்த வரிசையில் மூன்றாவது. இதுவும் ஏறத்தாழ 18 அடிதான், ஆனால் கிடைவாக்கில். இடது ஓரத்தில் ஒரு நீலக்கோடு, வலது ஓரத்தில் ஒரு மஞ்சள் கோடு, நடுவில் முழுக்க முழுக்கச் சிவப்பு. 1986-இல் ஒரு ஆள் கத்தியோடு வந்து அந்தச் சிவப்பைக் குறுக்கே கிழித்துவிட்டார். அதைவிட விசித்திரம், கிழித்தவரைப் பாராட்டிப் பத்திரிகைகளுக்குக் கடிதம் எழுதியவர்களும் இருந்தார்கள்.

கிழிந்த கித்தானைச் சரிசெய்ய நியூயார்க் வல்லுநர் ஒருவரிடம் கொடுத்தார்கள். 1991-இல் படம் திரும்பி வந்தது. கிழிசல் தெரியவில்லை. ஆனால் படத்தை முன்பே பழகிப் பார்த்திருந்தவர்கள் முகம் சுளித்தார்கள். சிவப்பு செத்துப்போயிருக்கிறது என்றார்கள். முன்பு அதில் ஓர் ஆழம் இருந்தது, நிற்க நிற்க அசைவது போலிருந்தது, இப்போது சுவர் மாதிரி இருக்கிறது என்றார்கள். இதைக் கேட்ட சாதாரண ஆள் என்ன நினைப்பார்? சிவப்பு சிவப்புதானே; இதில் பழைய சிவப்பு, புதிய சிவப்பு என்று கதை அளக்கிறார்கள் என்றுதான்.

விவகாரம் முற்றி, நெதர்லாந்து நீதி அமைச்சகத்தின் தடயவியல் ஆய்வகத்துக்குப் போனது. கொலை வழக்குகளுக்குத் தடயம் பார்க்கும் இடம். கிழிந்த இடத்தை மட்டும் தொட்டிருக்க வேண்டியதற்குப் பதிலாக, சிவப்புப் பரப்பு முழுவதன் மீதும் புதுப் பெயின்ட் ஏற்றப்பட்டிருக்கிறது என்று ஆய்வு சொன்னது. எதைக்கொண்டு? ரோலரைக்கொண்டு. வல்லுநர் மறுத்தார், பெருந்தொகை நஷ்டஈடு கேட்டு வழக்கும் போட்டார், அது கடைசியில் சமரசத்தில் முடிந்தது.

நியூமன் மெல்லிய பூச்சுகளாக, ஒன்றின்மேல் ஒன்றாகத் தூரிகையில் ஏற்றியிருந்த சிவப்பைச் சிலருடைய கண் பிடித்து வைத்திருந்தது. அது போனதும் அந்தக் கண்ணுக்குத் தெரிந்தது. ஆய்வகம் பின்னால் வந்து கையெழுத்துப் போட்டது. ஒட்டாவாவில் இருந்த படத்தைப் பற்றி இது எதையும் நிரூபித்துவிடாது. அதன் விலை நியாயமா என்பதற்கும் பதில் இல்லை. ஆனால் 'ரோலர் இருந்தால் நானும் செய்வேன்' என்ற வாதம் ஒருமுறை, மிகுந்த செலவில், நேரடியாகச் செய்து பார்க்கப்பட்டது, பார்த்தவர்கள் கண்டுபிடித்துவிட்டார்கள்.

ஸ்காட்லாந்துத் தத்துவவாதி டேவிட் ஹியூம் உயிரோடு இருந்தால் இதை ரசித்திருப்பார். ரசனைக்கு அளவுகோல் உண்டா என்று 1757-இல் அவர் எழுதிய கட்டுரையில், செர்வான்டெஸின் 'டான் கிஹோட்டே'யிலிருந்து ஒரு கதையை எடுத்துச் சொல்கிறார். கதாநாயகனின் பணியாள் சாஞ்சோவின் உறவுக்காரர்கள் இருவர் ஒரு பீப்பாய் ஒயினைச் சுவைத்துப் பார்க்கிறார்கள். நல்ல சரக்கு, ஆனால் லேசாகத் தோல் வாடை என்கிறார் ஒருவர். மற்றவரோ இரும்பு வாடை என்கிறார். கூடியிருந்தவர்கள் இருவரையும் சேர்த்தே கேலி செய்கிறார்கள். பீப்பாய் காலியானபோது அடியில் ஒரு பழைய சாவி கிடந்தது, தோல் வாரில் கட்டியபடி.

அவரவர் ருசி அவரவருக்கு என்று சொல்லிப் பேச்சை முடித்துவிடுகிறோம். பந்தியில் சண்டை வராமலிருக்க அது உதவும். ஆனால் அந்த வார்த்தையைச் சொல்லிவிட்டால் பீப்பாயைக் கவிழ்த்துப் பார்க்கும் வேலை நின்றுபோகிறது.

சரி, சாவி கிடைத்துவிட்டது. அதற்காக ஒயினைக் கொட்டிவிட வேண்டுமா? அது வேறு கேள்வி. இந்திய வானொலி அந்தக் கேள்வியில் இரண்டு முறை வழுக்கியது.

முதலாவது ஆர்மோனியம். 1940 மார்ச்சில் அகில இந்திய வானொலி அந்தப் பெட்டியை நிலையத்துக்குள் நுழையவிடாமல் தடுத்தது. தாகூருக்கும் அதைப் பிடிக்காது. தடையை வரவேற்றவர்களில் அவரும் ஒருவர். பெட்டியின் மீதான குற்றச்சாட்டு பொய்யில்லை. ஆர்மோனியத்தில் ஒவ்வொரு கட்டைக்கும் ஒரு சுரம். ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிப் போக முடியாது. அப்படி வழுக்கி அசையும் கமகம்தான் உயிர் என்று நினைக்கும் சங்கீதத்துக்கு இது பெரிய குறை. வீணையில் தந்தியை இழுத்துக் கொண்டுவரும் அசைவை விரலால் கட்டையை அழுத்திக் கொண்டுவர முடியாது என்பதைக் காது உள்ள யாரும் சோதித்துக்கொள்ளலாம். சாவி இருக்கிறது, வாரும் இருக்கிறது.

ஆனால் கவ்வாலிக்காரர்களும் கஜல் பாடகர்களும் அதே பெட்டியோடுதான் ராத்திரிகளைக் கடத்தினார்கள். தமிழ்நாட்டு நாடக மேடையில் ஆர்மோனியக்காரர் கை வைக்காமல் திரை தூக்கியதில்லை. சிறிய பஜனை மடம் முதல் பெரிய கொட்டகை வரை சுருதி பிடிக்க அதுவே துணை. அதன் குறை தெரியாமல் அவர்கள் வைத்துக்கொள்ளவில்லை. வேறு எது அவ்வளவு உரத்து, அவ்வளவு மலிவாக, சீக்கிரம் சுருதி கலையாமல் நிற்கும்? வானொலித் தடை தளர 1971 வரை ஆனது.

இரண்டாவது சறுக்கல் இன்னும் பிரபலம். 1952-இல் தகவல் ஒலிபரப்புத் துறை அமைச்சராக வந்த பி.வி. கேஸ்கர் சாஸ்திரிய சங்கீதத்தில் ஊறியவர். சினிமாப் பாட்டு மக்கள் காதைக் கெடுக்கிறது, அதிலும் மேல்நாட்டு மெட்டுக் கலப்பு கூடிவிட்டது என்பது அவர் எண்ணம். கலப்பு இருந்தது உண்மைதான்; அதுவும் ஒரு சாவி. வானொலியில் சினிமாப் பாட்டு நேரம் வெட்டப்பட்டது. ஒலிபரப்பும் பாட்டுக்குப் படத்தின் பெயரைச் சொல்வது விளம்பரம் என்று அதையும் நிறுத்தினார்கள். தயாரிப்பாளர்கள் பாட்டைக் கொடுக்க மாட்டோம் என்று விலகிக்கொண்டார்கள். சினிமாப் பாட்டே இல்லாத தேசிய வானொலி உருவாயிற்று.

மக்கள் என்ன செய்தார்கள்? குமிழைத் திருகினார்கள். கொழும்பில், இரண்டாம் உலகப் போரில் நேச நாட்டுப் படைகளுக்காக நிறுவிய சக்திவாய்ந்த சிற்றலை ஒலிபரப்பி இலங்கை வானொலியின் கையில் இருந்தது. இந்தியில் அறிவிப்பாளர் அமீன் சயானியின் 'பினாக்கா கீத்மாலா' பாட்டு நிகழ்ச்சிக்காக வடநாட்டுக் குடும்பங்கள் புதன்கிழமைகளில் காத்திருந்தன. தமிழில் அறிவிப்பாளர் மயில்வாகனனின் குரல் ராமேஸ்வரத்தையும் தாண்டி வெகுதூரம் உள்ளே வந்தது. சென்னை நிலையம் கச்சேரி வைத்த நேரத்தில் டீக்கடைகளில் கொழும்பு பாடிக்கொண்டிருந்தது. 1957 அக்டோபர் 3-ஆம் தேதி விவித் பாரதி என்ற ஒலிபரப்பைத் தொடங்கி, அரசு தானே சினிமாப் பாட்டை அழைத்துவந்தது. கேஸ்கர் அப்போதும் அமைச்சர்தான்.

ஓவியச் சண்டையைவிடச் சங்கீதச் சண்டை சூடாக இருப்பதற்கு ஒரு காரணம் உண்டு. படம் பிடிக்கவில்லையென்றால் அடுத்த அறைக்குப் போகலாம். பாட்டு அடுத்த அறைக்கும் வரும். அழகைப் பற்றி 1790-இல் பெரிய தத்துவ நூல் எழுதிய இம்மானுவேல் கான்ட் இதில் நேரடியாக அடிபட்டவர். அவர் வீட்டுக்குப் பக்கத்துச் சிறையில் கைதிகள் பக்திப் பாடல்களை உரக்கப் பாடுவார்கள். தாங்க முடியாமல், ஜன்னலைச் சாத்திக்கொண்டு பாடச் சொல்லுங்கள் என்று 1784-இல் கோனிக்ஸ்பெர்க் நகர மேயருக்குக் கடிதமே எழுதினார். பிறகு எழுதிய நூலிலும் சங்கீதம் கொஞ்சம் மரியாதை தெரியாத கலை என்று சொல்லி வைத்தார்; வாசனை தடவிய கைக்குட்டையை ஒருவன் எடுத்தால் சுற்றியுள்ளவர்கள் எல்லோரும் முகர்ந்தாக வேண்டியதைப் போல என்றார். ஆடி மாதத்தில் புனல் ஒலிபெருக்கிக்கு நேர் எதிரே குடியிருப்பவர்களுக்குக் கான்ட்டை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

அமைச்சர் தீர்மானித்தால் எடுபடாது என்றால், பெரும்பான்மையிடம் கேட்டுவிட்டால் தீர்ந்ததா? அதையும் செய்து பார்த்தார்கள். ரஷ்யாவிலிருந்து அமெரிக்காவில் குடியேறிய விட்டாலி கோமர், அலெக்ஸ் மெலமிட் என்ற இரு ஓவியர்கள் 1993 இறுதியில், தேர்தல் கணிப்பு எடுக்கும் முறையிலேயே 1,001 அமெரிக்கர்களிடம் கேட்டார்கள். எந்த நிறம் பிடிக்கும், வீட்டு விலங்கா காட்டு விலங்கா, பெரிய மனிதரா சாதாரண ஆளா என்று. நீலம் 44 சதவீதம் வாங்கியது. வந்த பதில்களை எல்லாம் ஒரே படத்தில் போட்டார்கள். ஏரி, மலை, நீலவானம், மான்கள், உலாவ வந்த குடும்பம், நடுவில் எந்தச் சம்பந்தமும் இல்லாமல் ஜார்ஜ் வாஷிங்டன். அளவு, பாத்திரம் கழுவும் இயந்திரத்தின் அளவு. அதையும் மக்களே தேர்ந்தெடுத்தார்கள். யாருக்கும் வேண்டாத படமாக வந்தது, கூர்முனை வடிவங்கள் அடுக்கிய சிறிய அரூப ஓவியம். சீனா, கென்யா, துருக்கி, ஐஸ்லாந்து என்று போய்க் கேட்டபோதும் பெரும்பாலும் அதே நீல ஏரிதான். விலகி நின்றது நெதர்லாந்து. அங்கே பெரும்பான்மை அரூப ஓவியத்தையே கேட்டது. நியூமனின் சிவப்பைக் கத்தியால் கிழித்த அதே நாடு.

எல்லோரும் கேட்டதெல்லாம் படத்தில் இருந்தது. யாரும் அதை வீட்டில் மாட்ட நினைக்கமாட்டார்கள். மான் வேண்டுமென்று சொன்னவருக்கு வாஷிங்டன் பக்கத்தில் மான் வேண்டியிருக்கவில்லை.

இருவரும் அதோடு விடவில்லை. 1997-இல் டேவ் சோல்ஜர் என்ற இசையமைப்பாளரைச் சேர்த்துக்கொண்டு இதே கணக்கைப் பாட்டில் போட்டார்கள். மக்கள் மிக விரும்பும் பாட்டு சுமார் ஐந்து நிமிடம். ஆணும் பெண்ணும் பாடும் காதல் பாட்டு, கித்தார், பியானோ, சாக்சபோன். எந்தக் குறையும் சொல்ல முடியாது. மிக வெறுக்கும் பாட்டு 20 நிமிடங்களையும் தாண்டி ஓடுகிறது. பேக்பைப், அக்கார்டியன், டியூபா, பான்ஜோ. ஆபரா பாடகி உச்சஸ்தாயியில் மாட்டுக்காரர்களைப் பற்றி ராப் பாடுகிறார். குழந்தைகள் கூட்டமாகப் பண்டிகைப் பாட்டும் கடை விளம்பரமும் பாடுகிறார்கள். நடுவில் ஒலிபெருக்கியில் அரசியல் முழக்கம். உலகத்தில் 200 பேருக்குக் குறைவானவர்களுக்கே இது பிடிக்கும் என்று இசைத்தட்டுக் குறிப்பில் கணக்குப் போட்டு எழுதியிருந்தார்கள்.

கணக்கு தப்பிவிட்டது. எல்லோரும் கேட்டு வாங்கிய காதல் பாட்டு முடிந்த மறுநிமிடம் மெட்டு நினைவிலிருந்து நழுவிவிடுகிறது. மற்றதை ஒருமுறை கேட்டவர் சும்மா இருப்பதில்லை. பக்கத்தில் இருப்பவரைப் பிடித்து உட்காரவைத்துக் கேட்கச் சொல்கிறார். உட்கார்ந்தவர் மாட்டுக்காரப் பாட்டிலேயே எழுந்து போனாரா, குழந்தைகள் வரும்வரை தாக்குப்பிடித்தாரா என்பதில் மறுபடி ஒரு வாக்குவாதம் தொடங்குகிறது.